வீட்டுக்கு ஒரு மிஷின்

ஆலோசகர் யாராவது மலையேறி வருகிறார் என்றால் எனக்கு முந்தின நாளே சோறு இறங்காது. வருகிறவர் நல்லவராகத்தான் இருப்பார். பணிவாகப் பேசுவார், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருவார், நாங்கள் கொடுக்கும் டீயை மிச்சம் வைக்காமல் குடிப்பார். எல்லாம் சரி. ஆனால் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசைமேல் திறந்து வைத்தாரோ இல்லையோ, எனக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். "மேடம், ரெண்டு நிமிஷம் உட்காருங்க" என்று கெஞ்சுவார்கள். நான் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "உன் கால்ல மோட்டார் கீது. சுவிட்சு எங்க வெச்சான்னுதான் தெரியல" என்பார்.

எங்களைப் போல் சிறுதொழில் நடத்துகிறவர்களுக்கு யோசனை சொல்வது இப்போது தனித் தொழிலாகிவிட்டது. அந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்களேன் என்று என்னிடம் கேட்பவர்கள்கூட உண்டு. நாலு வார்த்தையெல்லாம் என்னிடம் இல்லை. ஒரே ஒரு ஆலோசகரின் கதை இருக்கிறது. அதைச் சொல்கிறேன். நடுவில் என் வாய் சும்மா இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வாணியம்பாடிக்காரி. வீட்டில் உருது, வேலையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தேன். ஜவ்வாது மலையிலிருந்து பெண்களை விடியுமுன்னே வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து, வரும்போதே பாதி உயிர் போயிருக்கும். அப்புறம் எங்கே தைப்பது? அவர்களைக் கீழே கொண்டுவருவதற்குப் பதில் தோலை மேலே கொண்டுபோனால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோலுக்கு வாந்தி வராது.

அப்படித்தான் மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் ஒரு கொட்டகையில் மிஷின்களைப் போட்டேன். வெல்டிங் வேலை செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் தோல் கிளவுஸ்தான் எங்கள் சரக்கு. தோலை வாணியம்பாடியில் வெட்டி, சின்ன லோடு வண்டியில் திருப்பத்தூர் வழியாக ஏற்றிக்கொண்டு வருவேன். மலையில் தைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தேய்த்து, கட்டுக் கட்டி மறுபடி இறக்குவேன். ஏறுவதும் இறங்குவதுமாகவே என் காலம் போகிறது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஒரே இடத்தில் இருந்தால்தான் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

தொடக்கத்தில் கம்பெனி வழக்கப்படி கண் நன்றாகத் தெரிகிற, கை நடுங்காத பெண்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். அவ்வளவுதான், ஊர் இரண்டுபட்டது. "அந்த வூட்டுக்கு வேல, எங்க வூட்டுக்கு இல்லியா?" என்று சண்டை. கொட்டகை ஊர்ப் பொது இடம். ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் கூட்டம் கூட்டினார். "கோயில் வேலைக்கு வூட்டுக்கு ஒரு ஆளு. பாத வெட்டறதுக்கு வூட்டுக்கு ஒரு ஆளு. எழவு வுழுந்தா வூட்டுக்கு ஒரு ஆளு. மிஷினையும் அப்டியே போட்ரும்மா. வூட்டுக்கு ஒரு மிஷின். எவ வந்து ஒக்கார்றான்றது அந்தந்த வூட்டுப் பாடு" என்றார். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊரோடு ஒத்து வாழ் என்று தலையாட்டிவிட்டேன்.

ஆட்டியது நல்லதாகப் போயிற்று. சாமை அறுப்பு வந்தாலும் சரி, புளி உலுக்கும் காலம் வந்தாலும் சரி, ஒரு மிஷினும் காலியாகக் கிடந்ததில்லை. மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் நாத்தனார் வந்து உட்காருவாள். மத்தியானம் சோறு கொண்டு வருகிறவள், மற்றவள் சாப்பிட்டு முடிக்கும்வரை மிஷினை ஓட்டிக்கொண்டிருப்பாள். நான் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் கை வந்துவிடும். கூலி வீட்டுக்குப் போகும். அதில் யாருக்கு எவ்வளவு என்று நான் மூக்கை நுழைத்ததில்லை.

கிளவுஸில் கஷ்டமான இடம் கட்டைவிரல். மற்ற விரல்கள் நேராகப் போகும். கட்டைவிரல் வளைந்து வந்து உள்ளங்கையில் உட்கார வேண்டும், தோல் துண்டைக் கையால் நெட்டி நெட்டி ஊசிக்குக் கொடுக்க வேண்டும், கொஞ்சம் பிசகினால் சுருக்கம் விழும். அதில் ஒரு வீட்டுச் சரக்கு மட்டும் தனியாகத் தெரியும். அந்த வீட்டுக்குக் கட்டைவிரல் வூடு என்றே பேர் வைத்துவிட்டோம். அங்கே ஒரு மாமியார், ஒரு மருமகள். மருமகள்தான் பெரும்பாலும் வருவாள். அவள் புருஷன் குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போனவன், அங்கேயே கிடக்கிறான். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி இவளையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "இந்த மிஷின் நின்னுச்சுன்னா நானும் போய்த்தான் ஆவணும்க்கா. புள்ளய இங்க வுட்டுட்டு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவள் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து போன் வந்தது. எங்கள் கிளவுஸை வாங்குவது அங்கே இருக்கிற ஓர் ஏற்றுமதிக் கம்பெனி. எங்களுக்கு வேறு நாதி கிடையாது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இப்போதெல்லாம் நிறையக் கேள்வி கேட்கிறார்களாம். ஆலோசகர் ஒருவரை அனுப்புகிறோம், அவர் சொல்கிறபடி ஒழுங்கு பண்ணுங்கள், பிறகு எங்கள் அதிகாரி வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தி என்றால் ஆர்டர் தொடரும், இல்லாவிட்டால் மன்னிக்கவும் என்றார்கள். மன்னிக்கவும் என்றால் கொட்டகைக்குப் பூட்டு, மேஸ்திரிக்குக் கொண்டாட்டம். 

ஆலோசகர் வந்தார். என் தம்பி வயது இருக்கும். மழைத் தூறலில் சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, சிரித்துக்கொண்டே வந்து நின்றார். அதிலேயே எனக்குப் பாதி பிடித்துப் போயிற்று. மீதிப் பாதி பிடிக்காமல் போனது அவர் கையிலிருந்த ஸ்டாப் வாட்சால். ஒவ்வொருத்தி பின்னாலும் நின்று ஒரு விரல் தைக்க எவ்வளவு நேரம் என்று பார்த்தார். பெண்கள் அவர் பார்க்கும்போது வேண்டுமென்றே மெதுவாகத் தைத்தார்கள், பாவம் தம்பிக்கு எண்ண வரவேண்டுமே என்று. ஆலோசகர் வேலைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் பார்க்கும்போது நடப்பது வேறு, பார்க்காதபோது நடப்பது வேறு. நான் சூப்பர்வைசராக இருந்தவள், எனக்குத் தெரியாதா?

ஒருநாள் டீ நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், மூணாம் நம்பர் மிஷின்ல நேத்து இருந்தவங்க யாரு?"

"அந்த வூட்டு மருமக."

"இன்னைக்கு இருக்கிறவங்க?"

"அந்த வூட்டு நாத்தனார்."

"மத்தியானம் கொஞ்ச நேரம் வயசானவங்க ஒருத்தர் இருந்தாங்களே?"

"சோறு எடுத்துக்கினு வந்த மாமியார். அவ சாப்ட்டா, இவங்க ஓட்னாங்க."

"அப்ப மூணாம் நம்பர் ஆபரேட்டர்னு யாரை எழுதறது?"

"அந்த வூட்டத்தான்."

பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார். அப்படி எழுத அவர் படிவத்தில் இடம் இல்லையாம். மறுநாளே தீர்வோடு வந்தார். தீர்வு இல்லாமல் ஓர் இரவு தூங்குகிற பழக்கம் இந்தத் தொழிலில் யாருக்கும் இல்லை போலிருக்கிறது. வீட்டுக்கு ஒரு மிஷின் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே ஆள். அவர் பேர், அவர் கைரேகை. வாசலில் ரேகை வைக்கிற மிஷின் ஒன்று மாட்டுவோம். ரேகை இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. நாள் தவறாமல் வருகிறவருக்கு ஊக்கத்தொகை.

"மத்தியானம் சோறு துன்ற நேரத்துல மிஷின் நிக்குமே தம்பி?"

"நிக்கட்டும் மேடம். எல்லா கம்பெனியிலயும் நிக்குது."

நான் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்து சண்டை போட்டேன். அவரும் விடாமல் என் பின்னாலேயே சுற்றினார். கடைசியில் எனக்கே அதில் ஒரு நியாயம் இருப்பதுபோலப் பட்டது. ஊர் ஏற்பாட்டை அவர் உடைக்கவில்லையே, வீட்டுக்கு ஒருவர் என்றுதானே சொல்கிறார்? ஆர்டர் கையைவிட்டுப் போனால் நியாயம் பேசி என்ன பிரயோசனம்? செய்யுங்கள் என்றேன். அன்று இரவு வாணியம்பாடியில் படுத்துப் புரண்டுகொண்டே இருந்தேன். "பாயை ஏன் இப்படித் தேய்க்கிறே?" என்றார் வீட்டுக்காரர்.

தம்பி உழைப்பாளி, அதில் குறை சொல்ல முடியாது. வீடு வீடாக நடந்தே போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "மிஷின் வேலைக்கு உங்க வீட்டுலருந்து யார் பேரை எழுதிக்கட்டும்?" என்று கேட்டார். கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மலையில் வெளியூர் ஆள் வாசலில் நின்று பேர் கேட்டால் பதில் சொல்கிறவள் மூத்தவள். அவள் சொல்வதும் தன் பேரைத்தான். குடும்ப அட்டையில் அவள் பேர், கோயில் வரியில் அவள் பேர், அப்புறம் மிஷினுக்கு மட்டும் சின்னது பேரா? மரியாதை என்று ஒன்று இல்லையா? மருமகள்கள் உள்ளே அடுப்பில் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. கேள்வி சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது யார் காதில் விழுகிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும். இதை எந்தப் படிப்பில் சொல்லித் தருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் ரேகை எடுத்த நாளில் நான் தோல் வாங்கக் கீழே இருந்தேன். சாயங்காலம் போன் செய்தார். "மேடம், எல்லா வீட்டுலருந்தும் வந்துட்டாங்க. ஒருத்தர்கூட பாக்கி இல்ல. அதிகாரி நாளை மறுநாள் வர்றாங்க, நாம ரெடி" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குத்தான் ஏனோ நம்ப முடியவில்லை. இத்தனை சுலபமாக எங்கள் மலையில் எதுவும் நடந்ததில்லை.

அதிகாரி வரும் காலையில் லோடு வண்டியை நானே ஓட்டிக்கொண்டு ஏறினேன். வளைவுகளில் பனி. பின்னால் ஒரு வெள்ளைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. வழி கொடுக்காமலேயே ஓட்டினேன். முன்னால் போய்ச் சேர்ந்து எல்லாவற்றையும் ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற துடிப்பு.

கொட்டகை வாசலில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே என் தையல்காரப் பெண்கள் எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு, திருவிழாவில் சாமி வருவதைப் பார்க்கிற மாதிரி.

"இன்னாம்மா, எல்லாம் வெளியே நிக்கிறீங்க?"

"உள்ள பெரியவங்கல்லாம் கீறாங்கக்கா."

எட்டிப் பார்த்தேன். யா அல்லாஹ்! மிஷினுக்கு ஒரு மாமியார். ஊரில் இருக்கிற அத்தனை மாமியார்களும் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, தலைக்கு எண்ணெய் தடவி, பூ வைத்து, மிஷினுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. ஒருத்தி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். இன்னொருத்தி ஊசியில் கோத்திருந்த நூலை உருவிக் கையில் சுற்றி வைத்திருந்தாள், பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம்.

"இன்னாங்க இது?" என்று கட்டைவிரல் வூட்டு மாமியாரிடம் கேட்டேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"பெரிய எடத்துலருந்து ஆளு வர்றாங்கன்னு தம்பி சொல்லுச்சு. பெரியவங்க வர்ற எடத்துல சின்னதுங்களயா ஒக்கார வெப்பாங்க? நல்லா கீதே உன் நாயம்" என்றாள். 

ஆலோசகர் ஓடி வந்தார்.  மத்தியானம் மாமியார் ஒருத்தி மிஷின் ஓட்டியதைப் பார்த்தவர், யார் வந்து ரேகை வைத்தார்களோ அவர்களைத்தான் வீடு அனுப்பியிருக்கிறது என்று நினைத்தாராம். கட்டைவிரல் வூட்டு மருமகளைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறார். "அவளும் எங்க வூடுதான்" என்று மாமியார் சொன்னதும், சரி, அவள் மாற்று ஆள்போல என்று விட்டுவிட்டார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வெள்ளைக் கார் வந்து நின்றது.

"மேடம், ட்ரெயினிங் பேட்ச்னு சொல்லிடலாம்" என்று காதில் கிசுகிசுத்தார்.

"காடு வா வாங்குது, வீடு போ போங்குது. இவங்களுக்கா தம்பி ட்ரெயினிங்கு?"

அதிகாரி ஒரு பெண். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் வாசலுக்கு நேரே இருந்த கட்டைவிரல் வூட்டு மிஷினுக்கு முன்னால் போய் நின்றார்.

"கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்கம்மா."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் இன்னாத்துக்கு ஓட்டணும்? ஓட்டறதுக்குத்தான் ஆளு கீதே."

வெளியே நின்றவர்களில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். எனக்கு இரண்டு வழி இருந்தது. தம்பி சொன்ன பொய்யைச் சொல்லலாம். ஆனால் அடுத்த கேள்விக்கே அது கிழிந்துவிடும், அதோடு எனக்குப் பொய் சொன்னால் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். அதனால் நடந்ததை ஆதியிலிருந்து கொட்டிவிட்டேன். ஊர்க் கூட்டம், வீட்டுக்கு ஒரு மிஷின், மாற்றி மாற்றி உட்காருவது, பேர் கேட்டது, மூத்தவர்கள் பேர் கொடுத்தது, எல்லாம். நடந்துகொண்டேதான் சொன்னேன். அதிகாரி நின்ற இடத்திலிருந்தே என்னைக் கண்ணால் தொடர்ந்தார். முடித்ததும் என் ஏற்பாட்டின் பெருமையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். ஒரு நாள்கூட ஒரு மிஷினும் நின்றதில்லை என்றேன்.

"சரி" என்றார். "ஊசி ஒருத்தர் விரல்ல ஏறிடுச்சு. எலும்பு வரைக்கும் போயிடுச்சு. ஆஸ்பத்திரி செலவை இன்சூரன்ஸ்ல யாருக்குக் கேப்பீங்க? வீட்டுக்கா?"

என் கால் நின்றுவிட்டது.  கடவுள் புண்ணியத்தில் அதுவரை யாருக்கும் அப்படி ஆனதில்லை. ஆகியிருந்தால் நான் என் பையிலிருந்து கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேனா? எத்தனை பேருக்கு, எத்தனை நாளைக்கு? ஆலோசகரும் ஒரு வாரமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாரோ என்னவோ. அவர் ஊக்கத்தொகை, ஸ்டாப் வாட்ச் என்று ஆரம்பித்ததில் என் காது மூடிக்கொண்டது. அவர் இதை முதலில் சொல்லியிருக்கலாம். யோசனை சொல்ல வருகிறவர்கள் எது ஆளைக் காப்பாற்றுமோ அதை முதலில் சொல்லுங்கள், நிமிஷக் கணக்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அதிகாரி தன் பையிலிருந்து ஒரு கிளவுஸை எடுத்தார். போன தடவை நாங்கள் அனுப்பிய சரக்கு. கட்டைவிரலை மடக்கிக் காட்டினார். "எங்க வாடிக்கையாளர் இதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. இவ்வளவு சுத்தமா எங்கயும் வரலன்னாங்க. அதனாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன். இதைத் தச்சது யாரு?"

"எங்க வூட்டுதுதான்" என்றாள் மாமியார், தலையை நிமிர்த்தி.

"வீடு தைக்குமா அம்மா? கைதானே தைக்கும்? யாரோட கை?"

 மாமியார் முன்னால் மருமகள் எப்படிச் சொல்வாள்? அவள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் சொல்லிவிடலாம் என்று கையை நீட்டினேன். அவளைக் காட்டிவிட்டேன், ஆனால் சொல்ல என்னிடம் பேர் இல்லை. கட்டைவிரல் வூட்டுப் பொண்ணு என்றுதான் இத்தனை வருஷமும் கூப்பிட்டிருக்கிறேன். 

அவள் கயிற்றுக்கு வெளியே இருந்தபடியே சொன்னாள். "நான்தான் தச்சேன்."  அப்புறம் தன் பேரைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்கிற மாதிரி, அப்பா பேரோடு சேர்த்து. அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று அவளைக் கேட்கவில்லை, அதனால்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஆலோசகர்மேல் காட்டலாம் என்றால் அவர் பாவம் சுவரோடு சுவராக நின்றார். மாமியாரோ காது கேட்காதவள் மாதிரி மோட்டார் பெல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி முடிவைச் சொன்னார். "ஒரு மிஷின்ல மூணு பேர் மாறி மாறி உட்காருங்க, நாலு பேர் உட்காருங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை. வேலை ஒழுங்கா நடக்குது, அதை நான் கெடுக்க மாட்டேன். ஆனா உட்கார்ற ஒவ்வொருத்தர் பேரும் இருக்கணும், ஒவ்வொருத்தருக்கும் இன்சூரன்ஸ் இருக்கணும். நான் சாயங்காலம் இறங்கறேன். அதுக்குள்ள எல்லார் பேரும் ஏறிட்டா ஆர்டர் தொடரும். ஒருத்தர் விட்டுப்போனாலும் நான் கையெழுத்து போடமாட்டேன்."

இன்சூரன்ஸ் பணம் யார் கட்டுவது? நான்தான். என் லாபம் எங்கே போகும் என்று மனசு ஒரு பக்கம் கூப்பாடு போட்டது. இன்னொரு பக்கம் வாய் "சரிங்க" என்று சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது சந்தைதான். ஆலோசகர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருத்தியையும் அவள் வாயாலேயே பேரைச் சொல்லச் சொன்னார், பக்கத்தில் நின்று யாராவது எடுத்துக்கொடுத்தால், "நீங்க இருங்க, அவங்களே சொல்லட்டும்" என்றார். இந்த ஒன்றுக்காகவே அவருக்கு மறுபடி டீ போட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றியது. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓடினேன். வயலில் இருந்தவளைக் கூப்பிட்டேன், ஆடு மேய்க்கப் போனவளைத் தேடினேன், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளைப் பிள்ளையோடு இழுத்துக்கொண்டு வந்தேன். இருட்டுக் கட்டத் தொடங்கியது. மேகமா, சாயங்காலமா என்று புரியவில்லை. அதிகாரியின் டிரைவர் காரைத் திருப்பி நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக வந்தவள் கட்டைவிரல் வூட்டு மருமகள். மற்றவர்கள் முடிக்கட்டும் என்று ஒதுங்கியே நின்றிருக்கிறாள். பேரைச் சொன்னாள், ஆலோசகர் லேப்டாப்பில் அடித்தார். கட்டைவிரலை ரேகை மிஷினில் வைத்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது, பச்சை எரிந்தால்தான் பேர் ஏறும். முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு. ஆலோசகர் அவள் விரலைத் திருப்பிப் பார்த்தார். ரேகையே இல்லை. தோலை நெட்டி நெட்டி வழவழ என்று தேய்ந்து போயிருந்தது. களை பிடுங்கிய கையை எல்லாம் படித்த மிஷினுக்கு இவள் கையைப் படிக்கத் தெரியவில்லை. அடுத்த விரல், அதற்கடுத்த விரல். சிவப்பு, சிவப்பு.  டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "வுடுடி. அதான் எம்பேரு கீது இல்ல? அதுல ஒக்காந்துக்கோ. எல்லாத்தயும் நிக்க வெச்சிக்கினு."

"அது உங்க பேரு அத்தே" என்றாள் மருமகள். திரும்பிப் பார்க்காமலேதான் சொன்னாள்.

"அப்ப வெய்யி. வெச்சி எம்பேருக்குக் கீழ எயுதிக்கச் சொல்லு."

மருமகள் இடது கைக்கு மாறினாள். தோலை அவ்வளவாக நெட்டாத கை அது. கட்டைவிரல் சிவப்பு, நடுவிரல் சிவப்பு. சுண்டுவிரலை வைத்து, இன்னொரு கையால் அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சை எரிந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் கூச்சல் போட்டார்கள். அவள் மட்டும் நகரவில்லை. "பேரு வந்துச்சாங்க? காட்டுங்க" என்று ஆலோசகரிடம் கேட்டாள். அவர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். குனிந்து, எழுத்துக் கூட்டி, ஒரு தடவை படித்தாள்.

"இன்னாடி போட்டுக்கீது?" என்றாள் மாமியார், தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே.

"எம்பேரு அத்தே."

"எம்பேருக்குக் கீழதானே?"

"இல்லத்தே. பக்கத்துல."

 மாமியார் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து, மிஷினை விட்டு நகர்ந்து நின்றாள்.